உரத்தை நிறுத்திய ஜனாதிபதி

தாயில்பட்டி வாசகர் ஒருவர் அனுப்பிய கேள்வி இந்த இதழில் எடுத்துக்கொள்ளப்படுகிறது. அவருடைய ஊரில் சில நாட்களாக ஒரு வாதம் நடக்கிறதாம். "உறுதியான தலைவர் ஒருவர் வந்து ரசாயன உரத்தை ஒரே நாளில் தடை செய்தால்தான் மண் பிழைக்கும்" என்கிறது ஒரு தரப்பு. "இலங்கையில் அப்படிச் செய்துதான் நாடு திவாலானது, இயற்கை விவசாயப் பேச்சே வேண்டாம்" என்கிறது இன்னொரு தரப்பு. இதில் எது சரி, புரட்டாசி விதைப்பில் மக்காச்சோளத்துக்கு அடியுரம் போடலாமா வேண்டாமா என்று வாசகர் கேட்டிருக்கிறார்.

இரண்டு தரப்பிலும் பாதி உண்மை இருக்கிறது. இலங்கையில் நடந்ததை வரிசையாகப் பார்த்தால் மீதிப் பாதியும் விளங்கும்.

இலங்கையில் 2019 நவம்பர் 16 அன்று ஜனாதிபதித் தேர்தல் நடந்தது. போட்டியிட்டவர்களில் முக்கியமானவர் கோத்தபய ராஜபக்ச. 2009இல் போர் முடிந்தபோது பாதுகாப்புச் செயலாளராக இருந்தவர். அவர் வென்றால் என்ன ஆகும் என்று தீவு முழுக்க வாதம் நடந்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் ஈஸ்டர் ஞாயிறன்று குண்டுவெடிப்புகள் நடந்திருந்ததால் பாதுகாப்பு வேண்டும், கண்டிப்பான ஆள் வேண்டும் என்றார்கள் ஆதரவாளர்கள். ஒரே குடும்பத்தின் கையில் ஆட்சி போய்விடும், சிறுபான்மையினருக்கு நல்லதல்ல என்றார்கள் எதிர்த்தவர்கள். வடக்கிலும் கிழக்கிலும் தமிழர்கள் பெரும்பாலும் சஜித் பிரேமதாசவுக்கு வாக்களித்தார்கள். தெற்கிலும் நெல் விளையும் அநுராதபுரம், பொலன்னறுவைப் பக்கங்களிலும் கோத்தபயவுக்கு வாக்குகள் குவிந்தன. 52 சதவீதத்துக்குச் சற்று கூடுதலாகப் பெற்று அவர் வென்றார்.

இத்தனை வாதத்திலும் உரம் பெரிதாகப் பேசப்படவில்லை. அவருடைய தேர்தல் அறிக்கையில் உரம் பற்றி இரண்டு வாக்குறுதிகள் இருந்தன. விவசாயிகளுக்கு உரம் இலவசமாகத் தரப்படும் என்பது ஒன்று. 10 ஆண்டுகளில் நாட்டின் விவசாயம் இயற்கை முறைக்கு மாறும் என்பது மற்றொன்று. விவசாயி முதல் வாக்குறுதியைக் கேட்டு மகிழ்ந்தார். இரண்டாவதற்கு 10 ஆண்டு இருக்கிறதே என்று விட்டுவிட்டார்.

வென்ற சில நாட்களிலேயே மதிப்புக்கூட்டு வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. மக்களுக்கு அது இனித்தது, அரசின் வருமானம் சரிந்தது. அடுத்து கொரோனா வந்து சுற்றுலா நின்றது. வெளிநாட்டுக் கடனைக் கட்டவும் டாலர் போதவில்லை. உர இறக்குமதிக்கு ஆண்டுக்கு 40 கோடி டாலர் போகிறது என்றும், ரசாயனத்தால் சிறுநீரக நோய் வருகிறது என்றும் சொல்லி, 2021 ஏப்ரல் கடைசியில் அரசு முடிவெடுத்தது. மே மாதம் வர்த்தமானி அறிவிப்பு வந்தது. ரசாயன உரமும் பூச்சிமருந்தும் இனி இறக்குமதி இல்லை. 10 ஆண்டு என்று எழுதியிருந்த வேலை ஒரு போகத்துக்குள் முடிந்தாக வேண்டும் என்றாகிவிட்டது.

விளைச்சல் குறையும் என்று வேளாண் அறிஞர்கள் எச்சரித்தார்கள். தேயிலைத் தோட்டக்காரர்களும் சொன்னார்கள். உத்தரவு மாறவில்லை. மாற்றாகச் சொல்லப்பட்ட இயற்கை உரமோ தேவையான அளவில் நாட்டில் இல்லை. சீனாவிலிருந்து கப்பலில் வந்த இயற்கை உரத்தின் மாதிரியில் நோய்க்கிருமி இருப்பதாகப் பயிர்ப் பாதுகாப்புத் தடுப்பு நிலையம் அறிவித்தது. சரக்கை இறக்கவில்லை. ஆனாலும் தகராறைத் தீர்க்க 67 லட்சம் டாலர் கட்ட வேண்டியதாயிற்று. இந்திய விமானப்படை விமானத்தில் 100 டன் நானோ திரவ யூரியா கொண்டுபோய் இறக்கும் நிலையும் வந்தது.

2021 நவம்பர் 24 அன்று தடை விலக்கப்பட்டது. அதற்குள் பெரும்போக விதைப்பு முடிந்துவிட்டது. உலகச் சந்தையில் யூரியா விலையும் ஏறிவிட்டது. வாங்க அரசிடம் டாலரும் இல்லை. அந்தப் பெரும்போகத்தில் நெல் விளைச்சல் முந்தைய ஆண்டைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. மக்காச்சோளமும் குறைந்ததால் கோழித் தீவனம் தட்டுப்பட்டது. அரிசியில் தன்னிறைவை எட்டியிருந்த நாடு அரிசியை இறக்குமதி செய்தது. 2022 மே மாதம் தமிழ்நாட்டிலிருந்து அரிசி, பால் மாவு, மருந்து ஏற்றிய கப்பல் போனது. யூரியா வாங்க இந்தியா 5.5 கோடி டாலர் கடன் கொடுத்தது. ஜூலை 13 அன்று கோத்தபய நாட்டை விட்டு வெளியேறினார்.

நாடு திவாலானதற்கு உரத்தடை ஒன்றே காரணம் என்பது சரியல்ல. பழைய கடன், வரிக்குறைப்பு, சுற்றுலா வீழ்ச்சி எல்லாம் சேர்ந்த கணக்கு அது. ஆனால் வயலும் அடுப்படியும் காலியானதில் உரத்தடைக்குப் பெரிய பங்கு உண்டு. அதில் வாக்களித்தவர், வாக்களிக்காதவர் என்ற பேதம் இல்லை. பொலன்னறுவைச் சிங்கள விவசாயிக்கும் கிளிநொச்சித் தமிழ் விவசாயிக்கும் கதிர் ஒரேபோலத்தான் சிறுத்தது.

தாயில்பட்டிக்காரர்களுக்கு இது புரியாத விஷயம் அல்ல. 2018 அக்டோபர் 23 அன்று உச்சநீதிமன்றம் பேரியம் சேர்த்த பட்டாசுக்கும் சரவெடிக்கும் தடை சொன்னது. பசுமைப் பட்டாசு மட்டுமே செய்யலாம் என்றது. காற்று மாசு பற்றிய கவலை நியாயமானதுதான். ஆனால் மாற்று மருந்துக் கலவை தொழிற்சாலைக்கு வந்து சேரும் முன்பே உத்தரவு வந்துவிட்டது. ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. மழை பொய்த்தால் பட்டாசு வேலை, பட்டாசு நின்றால் காட்டு வேலை என்று வாழும் குடும்பங்களுக்கு அந்த மாதங்கள் மறக்காது. நோக்கம் நல்லதாக இருந்தாலும், மாற்று கைக்கு வருமுன் பழையதை நிறுத்தினால் வலி கூலிக்காரர் வீட்டில்தான் முதலில் விழும்.

இயற்கை விவசாயமே வேண்டாம் என்போருக்கு சிக்கிம் பதில். அங்கே 2003இல் சட்டமன்றத்தில் முடிவெடுத்தார்கள். உர மானியத்தைப் படிப்படியாகக் குறைத்தார்கள், விவசாயிகளுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், நிலங்களுக்குச் சான்று வாங்கினார்கள். முழு இயற்கை விவசாய மாநிலம் என்று அறிவித்தது 2016 ஜனவரியில். சிறிய மலை மாநிலத்துக்கே, அதுவும் முன்பே உரம் குறைவாகப் போட்ட நிலத்துக்கே, 13 ஆண்டு ஆயிற்று.

ஏன் அத்தனை காலம் என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம். 45 கிலோ மூட்டையில் சுமார் 20 கிலோ தழைச்சத்து. நன்கு மக்கிய தொழுஉரத்தில் தழைச்சத்து அரை சதவீதம் அளவில்தான் இருக்கும், அதாவது டன்னுக்கு 5 கிலோ. ஒரு மூட்டை யூரியாவுக்கு ஈடாக 4 டன் குப்பை வேண்டும். அதிலும் முதல் ஆண்டில் பயிருக்குக் கிடைப்பது ஒரு பகுதிதான், மீதி அடுத்தடுத்த ஆண்டுகளில் கிடைக்கும். வீட்டுக்கு நான்கு மாடு நின்ற காலத்தில் இந்தக் குப்பை இருந்தது. இன்று டிராக்டர்தான் நிற்கிறது.

அதற்காகக் குப்பையை விடவும் கூடாது. யூரியா மண்ணுக்கு உயிரூட்டாது. கரிசல் மண்ணில் ஈரம் நிற்பதும் நுண்ணுயிர் பெருகுவதும் மக்குப் பொருளால்தான். மானாவாரிக்கு அது இரட்டிப்பாகத் தேவை. தவிர, நாட்டுக்குத் தேவையான பொட்டாஷ் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது, யூரியாவிலும் ஒரு பகுதி இறக்குமதி. எங்கோ ஒரு போர் வந்தால் இங்கே மூட்டைக்கு வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். ஆகவே உரத்தைக் குறைக்கும் வழி தேடுவது நல்லதே. அதைப் படிப்படியாகச் செய்ய வேண்டும்.

வாசகர் இந்தப் பட்டத்தில் செய்யக்கூடியவை:

முதலில் மண் பரிசோதனை. மேற்பரப்புக் குப்பையை விலக்கி, 'வி' வடிவில் 15 செ.மீ. ஆழக் குழி வெட்டி, பத்து இடங்களில் மண் எடுத்துக் கலந்து அரைக் கிலோவாகக் குறைத்து வெம்பக்கோட்டை வேளாண்மை விரிவாக்க மையத்தில் கொடுக்கலாம். முடிவு வந்த பிறகு, சொல்லும் அளவுக்கு மட்டும் அடியுரம் வாங்கினால் போதும்.

இரண்டாவது, கோடை முடியுமுன் ஆட்டுக்கிடை கட்டுவது. ஏக்கருக்கு 5 டன் தொழுஉரம் பரிந்துரை. கிடைக்காதவர்கள் கிடைத்த அளவைப் போட்டு, ஆண்டுக்கு ஒரு துண்டு நிலம் என்று சுற்றில் கொண்டுவரலாம்.

மூன்றாவது, மக்காச்சோளத்துக்குப் பின் மக்காச்சோளமே போடாமல் உளுந்து, பாசிப்பயறை மாற்றிப் போடுவது. விதையில் அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா கலந்து விதைக்கலாம். இவற்றை ரசாயன உரத்தோடு சேர்த்துக் கலக்கக் கூடாது.

நான்காவது, உரமில்லாமல் பார்க்க விரும்புபவர் இரண்டு ஏக்கரில் கால் ஏக்கரை மட்டும் ஒதுக்கிப் பார்க்கலாம். தேறினால் அடுத்த ஆண்டு அரை ஏக்கர். தேறாவிட்டால் வீட்டுச் சாப்பாட்டுக்குப் பங்கம் வராது.

எந்த நாட்டில் எந்தத் தலைவர் நின்றாலும், விவசாயம் பற்றிய வாக்குறுதி காதில் விழும்போது மூன்று கேள்வி கேட்பது நல்லது. எத்தனை ஆண்டில் செய்வார்கள்? மாற்றுப் பொருள் இன்று எந்தக் கிட்டங்கியில் இருக்கிறது? விளைச்சல் குறைந்தால் நட்டத்தை யார் ஏற்பார்கள்? இலங்கை விவசாயி இந்த மூன்றுக்கும் 2019இலேயே பதில் வாங்கியிருந்தால் 2021இல் கையெழுத்துப் போடுவது அத்தனை சுலபமாக இருந்திருக்காது.