ஆறாம் மெட்டும் ஏழாம் மெட்டும்

கென்டக்கியில் சில காலம் வாழ்ந்து திரும்பிய நண்பர் ஒருவர் அன்போடு கொடுத்த பழைய டல்சிமர் வாத்தியத்தை மடியில் கிடத்திக்கொண்டு, பீட்டில்ஸ் குழுவினர் 1968-இல் வெளியிட்ட ‘ஹே ஜூட்’ பாட்டை வாசித்துப் பார்ப்பதிலேயே சென்ற வாரத்து மாலைப் பொழுதுகள் எனக்குக் கழிந்தன. 36 வாத்தியக்காரர்கள் உடன் நின்று முழக்கிய அந்தப் பாட்டின் நெடிய இறுதிப் பகுதியை, அடுத்த அறைக்கும் எட்டாத மெல்லிய நாதமுடைய இந்தத் தந்திகள் எங்ஙனம் தாங்கும் என்ற ஐயத்தோடுதான் தொடங்கினேன். முதல் மாலையிலேயே அந்த ஐயம் நீங்கிற்று. நீங்கிய காரணத்தைச் சிந்தித்ததன் பயனே இவ்வாரப் பத்தி.

அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைகளில் குடியேறிய ஜெர்மானியர் கொணர்ந்த ஷைட்ஹோல்ட் வாத்தியத்தின் வழிவந்ததாகக் கருதப்படும் டல்சிமர், உடுக்கையைப் போல் இடை சிறுத்து, ஏறக்குறைய மூன்றடி நீளமுள்ள மரப்பெட்டி. ஆங்கிலமும் ஸ்காட்டியமும் பேசி வந்த மலைக்குடிகளின் கதைப்பாட்டுகளே அதன் சங்கீதமாயின. ‘நோட்டர்’ என்னும் சிறு குச்சியை ஒரு தந்தியின்மேல் அழுத்தி நகர்த்த, மற்றத் தந்திகள் தம்பூராவைப் போல் ஓயாமல் சுருதி கூட்டுகின்றன. கென்டக்கி மலைக் குடும்பத்தில் 1922-இல் பிறந்த ஜீன் ரிச்சி அம்மையார், அந்த நாதத்தை நியூயார்க் நகரத்து ரசிகர்களின் செவிக்குக் கொண்டு சேர்த்தார்.

வீணையில் ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு மெட்டுகள், டல்சிமரிலோ ஏழே. தந்திகளை ஷட்ஜம், பஞ்சமம், ஷட்ஜம் எனக் கூட்டித் திறந்த தந்தியிலிருந்து ஏறினால், விரல் தானாகவே ஹரிகாம்போதியின் ஸ்வரங்களில் நடக்கிறது. ஆறாம் மெட்டில் கைசிகி நிஷாதம் காத்திருக்கிறது. சங்கராபரணத்துக்குரிய காகலி நிஷாதம் வேண்டுமென்று இருபதாம் நூற்றாண்டில் ஆறுக்கும் ஏழுக்கும் இடையே ஒரு மெட்டைப் புகுத்தினார்கள். வாசிப்பவர்கள் அதை ஆறரை என்பார்கள். என் வாத்தியத்தில் அது இல்லை.

ராக் சங்கீதத்தின் ரகசியம் ஒன்று இவ்விடத்தில்தான் புலப்படுகிறது. ‘ஹே ஜூட்’ பாட்டின் முற்பகுதியில், பஞ்சமத்தின்மேல் எழும் ஸ்வரக் கூட்டு காகலி நிஷாதத்தைக் கேட்பதால், என் டல்சிமர் தயங்கி நின்றுவிட்டது. ஆனால் இறுதிப் பகுதியோ, ஷட்ஜத்திலிருந்து கைசிகி நிஷாதத்துக்கும், அங்கிருந்து மத்தியமத்துக்கும் இறங்கி, மீண்டும் ஷட்ஜத்தை அடையும் மூன்றே கூட்டுகளின் சுழற்சி. ஒரு மெட்டும் குறையாமல் அது முழுவதும் என் மடியிலேயே இருந்தது. 1965-இன் ‘நார்வீஜியன் வுட்’ பாட்டும் அந்த நிஷாதத்தையே நாடுகிறது. புளூஸ் பாடகர்களும் நாட்டுப்பாடகர்களும் நெடுங்காலம் பழகிய அந்தத் தாழ்ந்த ஸ்வரத்தை மின்கிதாரும் சுவீகரித்துக்கொண்டதால், ராக் பாட்டு மலை வாத்தியத்துக்கு அந்நியமன்று, உறவே என்பது எனக்குத் தெளிவாயிற்று.

இந்த உறவை உணர்ந்தவர்கள் முன்னரும் இருந்தார்கள். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் பிரையன் ஜோன்ஸ் 1966-இல் ‘லேடி ஜேன்’ பாட்டுக்கு டல்சிமர் வாசித்தார். ஜோனி மிட்செல் 1971-இல் வெளியிட்ட ‘புளூ’ தொகுப்பில், தம் குரலின் தனிமைக்குத் துணையாக அதையே பல பாட்டுகளில் மடியில் ஏந்தினார்.

ஆறரை மெட்டைப் பதித்துத் தர ஒரு தச்சரை அழைத்து வருவதாக நண்பர் சொன்னார். எல்லாப் பாட்டுக்கும் இடங்கொடுக்கும் வாத்தியங்கள் உலகில் மிகுதி. தன் பிறவி ஸ்வரங்களுக்கு இசைந்த பாட்டை மட்டும் முழு மனத்தோடு ஏற்றுக்கொள்ளும் இந்த வாத்தியத்தின் நேர்மையைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆறுக்கும் ஏழுக்கும் இடைப்பட்ட அந்த இடம் அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, மூன்று கூட்டுகளின் சுழற்சிக்கு மீண்டும் திரும்பினேன்.