மூலத்தைக் கடையிலிருந்து அகற்றாதீர்கள்: ரீமாஸ்டர் ஷூட்டர்கள் குறித்து ஒரு மறுப்பு

கணினி விளையாட்டுகள் பற்றிய ஆய்வேடுகளிலும் கருத்தரங்கக் கட்டுரைகளிலும் ஒரு கூற்று கேள்விக்கு உட்படாமலே புழங்கி வருகிறது. ரீமாஸ்டர் செய்யப்பட்ட பதிப்பு மூலத்தைக் காட்டிலும் மேலானது. ஆகவே ஆய்வுக்கும் அதுவே போதும் என்பதே அக்கூற்று. இதன் முற்பாதி சுவை பற்றியது. அவரவர் விருப்பம் அவரவருக்கு. பிற்பாதி ஆய்வுநெறி பற்றியது. அதை மறுத்தாக வேண்டும். ஏனெனில் விற்பனையாளர்கள் சொல்லும் ஒரு விளம்பர வாசகத்தை நாம் ஆய்வு முடிவுபோல ஏற்றுக்கொண்டு, மூலங்கள் மறைந்துபோவதற்கு உடந்தையாகி நிற்கிறோம்.

ஷூட்டர் வகையை எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. 1993இல் டூம், 1996இல் குவேக், 1997இல் கோல்டன்ஐ 007, 1998இல் ஹாஃப்-லைஃப், 2001இல் ஹேலோ என நீளும் இவ்வரிசை முழுவதும் இன்று ஏதேனும் ஒரு மறுவடிவத்தில் புழக்கத்தில் உள்ளது. அதைவிட முக்கியமான காரணம் இவ்வகையின் இயல்பு. ஷூட்டரில் காட்சி என்பது ஒப்பனை அன்று. எதிரி எவ்வளவு தொலைவில் புலப்படுகிறான், எந்த இருளில் மறைகிறான், குறிவைக்க எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பவையே அதன் இலக்கணம். காட்சியில் கைவைப்பவர் இலக்கணத்தில் கைவைக்கிறார்.

ஹேலோவை எடுத்துக்கொள்வோம். 2001 நவம்பரில் வெளியான அவ்விளையாட்டுக்குச் சரியாகப் பத்தாண்டு கழித்து, 2011 நவம்பரில், ஆண்டுநிறைவுப் பதிப்பு வந்தது. ஒரு பொத்தானை அழுத்திப் பழைய காட்சிக்கும் புதிய காட்சிக்கும் மாறி மாறிச் செல்லலாம். ஒப்பாய்வு செய்பவருக்கு இதைவிட வாய்ப்பான கருவி வேறில்லை என்றே தோன்றும். அவ்விளையாட்டின் ஆறாம் கட்டமான '343 கில்ட்டி ஸ்பார்க்'கில் அதை அழுத்திப் பாருங்கள். 2001 வடிவத்தில் அது இருளும் மூடுபனியும் கவிந்த சதுப்புநிலம். சில அடிகளுக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. ஃபிளட் என்னும் ஒட்டுண்ணி உயிர்களை ஆட்டக்காரர் முதன்முதலாகச் சந்திப்பது இக்கட்டத்தில்தான். எதிரியைக் காணாத அச்சம் முதலில், எதிரியைக் கண்ட அச்சம் பின்னர் என்ற வரிசைமுறையில் அக்கட்டம் அமைந்திருக்கிறது. 2011 வடிவத்தில் செடிகொடிகள் செழித்துள்ளன, ஒளி கூடியிருக்கிறது, தொலைவு தெளிவாகத் தெரிகிறது. படமாகப் பார்த்தால் அழகு. அச்சத்தின் கட்டுமானமோ குலைந்துவிட்டது.

இன்னொன்றும் உண்டு. அப்பதிப்பில் விளையாட்டின் உள்ளியக்கம் பழைய எஞ்சினில்தான் நடக்கிறது. புதிய காட்சி அதன்மேல் போர்த்தப்பட்ட போர்வை. ஆகவே கண்ணுக்குத் தெரியும் பாறையின் வடிவமும், குண்டு மோதி நிற்கும் பாறையின் வடிவமும் சில இடங்களில் பொருந்துவதில்லை. வெற்றுவெளியில் பாயவேண்டிய குண்டு கண்ணுக்குத் தெரியாத பழைய பாறையில் மோதி நிற்கிறது. மூலத்தை மறைத்தாலும் அது உள்ளிருந்து எதிர்ப்புக் காட்டுகிறது என்றே இதைப் படிக்கவேண்டும்.

இவற்றினும் பெரிய சிக்கல் அந்தப் பொத்தானிலேயே இருக்கிறது. 'பழைய காட்சி' என்று அது காட்டியது 2001ஆம் ஆண்டின் எக்ஸ்பாக்ஸ் வடிவம் அன்று. 2003இல் கணினிக்காகக் கியர்பாக்ஸ் நிறுவனம் மாற்றியமைத்த வடிவத்தை அடிப்படையாகக் கொண்டது. அம்மாற்றத்தின்போது பரப்புகளின் புடைப்பும் ஒளி ஊடுருவும் தன்மையும் பல இடங்களில் பழுதுபட்டிருந்தன. அப்பழுதுகள் 2011 பதிப்புக்கும், அதன்வழி 2014இன் மாஸ்டர் சீஃப் தொகுப்புக்கும் கடந்து வந்தன. 2021இல்தான் பெருமளவு சரிசெய்யப்பட்டன. அதாவது, பத்தாண்டுக்காலம் 'மூலம்' என்ற பெயரில் ஒரு சிதைந்த படியே காட்டப்பட்டது. அப்பத்தாண்டில் இந்தப் பொத்தானை நம்பி 'புதியது எவ்வளவு மேம்பட்டிருக்கிறது பாருங்கள்' என்று எழுதியவர்கள் அனைவரும் ரீமாஸ்டரை ஒப்பிட்டது மூலத்தோடு அன்று, பழுதுபட்ட படியோடு. ஒரு சுவடியின் பிழைபட்ட படியை வைத்துக்கொண்டு மூலநூலாசிரியருக்கு யாப்பு தெரியாது என்று தீர்ப்புரைப்பதற்கு நிகரான செயல் இது.

டூமிலும் இத்தகைய நுட்பங்கள் உண்டு. அது 320க்கு 200 பிக்சல் அளவில் இயங்கியது. அக்காலத் திரைகளோ 4:3 விகிதத்தன. ஆகவே ஒவ்வொரு பிக்சலும் அகலத்தைவிட 20 விழுக்காடு உயரம் மிகுந்து தோன்றியது. இதைக் கணக்கில் கொள்ளாமல் இன்றைய திரைக்குக் கொண்டுவந்தால் அரக்கர்களும் கூடங்களும் குறுகிப் பருத்துத் தெரிவர். கோல்டன்ஐயில் மாற்றம் கண்ணில் அன்று, கையில் நிகழ்கிறது. நின்டெண்டோ 64இன் கைப்பிடியில் ஒற்றைக் குச்சிதான். நுட்பமாகக் குறிவைக்க வேண்டுமானால் நடையை நிறுத்தி நின்றாக வேண்டும். எதிரிகளின் நிதானமும் காவலர்களின் இடவைப்பும் அந்த நிற்றலை எண்ணி அமைக்கப்பட்டவை. இரட்டைக் குச்சியால் ஓடிக்கொண்டே குறிவைக்கும் வசதியைத் தந்துவிட்டால் அவ்வெதிரிகள் பேதைகளாகிவிடுகிறார்கள். பிறகு 'அக்காலச் செயற்கை அறிவு இவ்வளவுதான்' என்று மூலத்தின்மீதே பழி போடப்படுகிறது.

எதிர்த்தரப்பு வாதங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது: 'இன்றைய வசதிகள் அன்று இருந்திருந்தால் படைப்பாளிகள் இப்படித்தான் செய்திருப்பார்கள்.' இது படைப்பாளியின் மனத்துக்குள் புகுந்து சொல்லப்படும் ஊகம். கருவியின் போதாமை கலையின் வழிமுறையாக மாறிவிடுவதை இவ்வாதம் காண மறுக்கிறது. ஷூட்டர் வகைக்கு அண்டை வீட்டுச் சான்று ஒன்று தருகிறேன். கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ: சான் ஆண்ட்ரியாஸ் மூலத்தில், தொலைவை மூடிய மங்கல் பழைய கணினிகளின் வலுக்குறைவால் வந்ததுதான். ஆனால் அம்மங்கலே மூன்று நகரங்களையும் ஒன்றுக்கொன்று வெகுதொலைவில் இருப்பனவாக நம்பவைத்தது. 2021 நவம்பரில் வெளியான மறுவடிவத்தில் மங்கல் விலக்கப்பட்டது. ஒரு மலைமேல் நின்றால் மாநிலம் முழுவதும் கைக்குட்டை அளவில் தெரிந்தது. மங்கலைக் குறை என்று எண்ணியவர்கள் அது தாங்கி நின்ற பரப்பையும் சேர்த்து இழந்தார்கள்.

இரண்டாவது: 'மூலத்தைப் போற்றுவது வெறும் பழமை ஏக்கம்.' இன்று இத்துறையில் ஆய்வுக்கு வரும் மாணவர்களில் பலர் டூம் வெளியானபோது பிறக்காதவர்கள். அவர்களுக்கு அதன்மீது ஏக்கம் எங்கிருந்து வரும்? மூலத்தைக் கேட்பவர் சான்றைக் கேட்கிறார். உண்மையில் ஏக்கத்தை முதலாக்கி விற்பது ரீமாஸ்டர் சந்தைதான்.

மூன்றாவது வாதம் வலுவானது: 'மூலம் என்று ஒன்று உண்டா? குவேக்கை வெளியிட்ட இட் சாஃப்ட்வேர் நிறுவனமே அடுத்த ஆண்டில், 1997இல், முப்பரிமாண அட்டைகளுக்கான ஜிஎல்குவேக்கை வெளியிட்டது. அதில் சொரசொரப்பான பரப்புகள் வழவழப்பாயின. மூலத்தில் விளக்கருகே பொங்கிய மிகையொளி காணாமற்போனது. இவற்றுள் எது மூலம்?' நல்ல கேள்வி. ஆனால் இதன் முடிவு அவர்கள் எண்ணுவதற்கு நேர்மாறானது. வடிவங்கள் பல என்றால் அவை அனைத்தையும் காத்து, வேறுபாடுகளைக் குறித்துவைக்க வேண்டும் என்பதே பொருள். கடைசியாக வந்ததை வைத்துக்கொண்டு முந்தியவற்றை வீசிவிடலாம் என்பதன்று. தமிழில் படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உ.வே.சாமிநாதையர் ஒரு சுவடியோடு நிறைவுகொள்ளாமல் பிற சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்தார். பாடபேதங்களைக் குறித்துப் பதிப்பித்தார். பாடபேதம் இருப்பது ஏடுகளை எரிப்பதற்கான நியாயம் ஆனதில்லை.

நான்காவது: 'ரீமாஸ்டர் இல்லையேல் புதிய தலைமுறை இவற்றை விளையாடவே முடியாது.' இதை முழுமனத்தோடு ஏற்கிறேன். நான் எதிர்ப்பது ரீமாஸ்டரை அன்று. மூலத்தின் இடத்தில் அதை அமர்த்துவதை. இரண்டும் ஒருங்கே வாழ முடியும் என்பதற்குச் சான்றுகள் உள்ளன. 2021இல் நைட்டைவ் நிறுவனம் மெருகூட்டிய குவேக்கில் டிரெண்ட் ரெஸ்னரின் இசை திரும்ப வந்தது. முதலில் குறுந்தட்டில் இருந்த அவ்விசை, இணையக் கடையில் விற்ற வடிவத்தில் நெடுங்காலம் விடுபட்டிருந்தது. 2023இல் வந்த குவேக் 2 மறுவெளியீட்டில் பழைய வடிவமும் உடன் கிடைத்தது. புதிய வடிவத்தின் விளையாட்டு நிரலும் பொதுவில் வைக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் ஹாஃப்-லைஃபின் 25ஆம் நிறைவையொட்டி வால்வ் நிறுவனம் மூல விளையாட்டையே செப்பனிட்டு முன்னிறுத்தியது. 2004இல் புதிய எஞ்சினுக்கு மாற்றப்பட்ட 'ஹாஃப்-லைஃப்: சோர்ஸ்' பின்னுக்குத் தள்ளப்பட்டது. செப்பனிடுவதற்கு முந்தைய வடிவத்தையும் தேர்ந்தெடுத்து விளையாட வழி விடப்பட்டது. வணிக நிறுவனங்களால் இது முடியும் என்பது இதனால் நிறுவப்பட்டுவிட்டது. ஆகவே செய்யாதவர்களுக்குத் தொழில்நுட்பத்தைச் சாக்காகக் காட்ட இடமில்லை.

செய்யாதவர்கள் என்ன செய்கிறார்கள்? மேற்சொன்ன கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ தொகுப்பு வெளியாகும் முன்பே பழைய மூன்று விளையாட்டுகளும் இணையக் கடைகளிலிருந்து அகற்றப்பட்டன. புதியதன் குறைகள் கண்டு ஆட்டக்காரர்கள் கொதித்தெழுந்த பின்னரே நிறுவனம் வருத்தம் தெரிவித்துப் பழையவற்றை மீண்டும் தன் கடையில் வைத்தது. 2019இல் மறுவெளியீடு கண்ட டூம், தொடக்கத்தில், இணையக் கணக்கில் உள்நுழைந்தால்தான் திறக்கும் என்றது. முதற்பகுதியை யாரும் படியெடுத்துப் பிறருக்குக் கொடுக்கலாம் என்ற ஏற்பாட்டால் உலகெங்கும் பரவிய விளையாட்டுக்கு நேர்ந்த கதி இது. எதிர்ப்புக்குப் பின் அந்நிபந்தனை தளர்த்தப்பட்டது. இரு நிகழ்விலும் மூலத்தை மீட்டது ஆட்டக்காரர்களின் கூச்சல். கல்வியாளர்களாகிய நம் குரல் அங்கே கேட்கவில்லை.

சிலர் 'நூலகங்களும் ஆவணக்காப்பகங்களும் பார்த்துக்கொள்ளும்' என்பர். 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று சந்தையில் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் ஆய்ந்து கூறியது. ஆய்வாளர்கள் தொலைவிலிருந்தே நூலகத்தின் பழைய விளையாட்டுகளை அணுக விலக்களிக்குமாறு கேட்டபோது, 2024 அக்டோபரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. ஆவணக்காப்பகம் இருக்கும் நாட்டின் நிலையே இது.

நம் நாட்டின் நிலை என்ன? 1954ஆம் ஆண்டின் சட்டப்படி வெளியீட்டாளர்கள் தம் நூல்களைக் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னைக் கன்னிமாரா உள்ளிட்ட வேறு மூன்று நூலகங்களுக்கும் அளித்தாக வேண்டும். அச்சட்டம் நூலையும் செய்தித்தாளையும் அறியும். கணினி விளையாட்டை அறியாது. பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் 2012இல் சேர்க்கப்பட்ட விலக்கு, வணிக நோக்கற்ற பொது நூலகம் ஒரு படைப்பைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமிக்க அனுமதிக்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை: அப்படைப்பின் மின்வடிவல்லாத படி அந்நூலகத்தில் ஏற்கெனவே இருக்க வேண்டும். பிறவியிலேயே மின்வடிவான விளையாட்டுக்கு மின்வடிவல்லாத படி எங்கிருந்து வரும்? முறையாக வாங்கியவர் இழப்புக்கு எதிரான காப்பாகப் படியெடுத்துக்கொள்ளச் சட்டத்தில் வேறோர் இடமுண்டு. அது தனியொருவரின் அலமாரிக்கு உதவும். பொது ஆவணக்காப்பகத்தை நிறுவ உதவாது. ஆகவே இந்திய மாணவருக்கு இணையக் கடையே நூலகம். கடை எதை வைத்திருக்கிறதோ அதுவே அவருடைய வரலாறு. கடையிலிருந்து மூலம் அகற்றப்படும் நாளில் அவருடைய ஆய்வுப்பொருளும் அகற்றப்படுகிறது.

எனவே மூன்று கோரிக்கைகள்.

வெளியீட்டாளர்களிடம்: ரீமாஸ்டரை விற்றுக்கொள்ளுங்கள், அதனோடு மூலத்தையும் மாற்றமின்றித் தாருங்கள். 'பழைய காட்சி' என்று பெயரிட்டால் அது எந்த ஆண்டின், எந்தக் கருவியின் வடிவம் என்று எழுதுங்கள்.

சட்டமியற்றுவோரிடம்: அந்த விலக்கிலுள்ள 'மின்வடிவல்லாத படி' என்னும் நிபந்தனையை நீக்குங்கள்; பல்கலைக்கழக நூலகங்களையும் அதற்குள் கொண்டுவாருங்கள். இதை நாடாளுமன்றக் குழுவிடமோ துறை அமைச்சகத்திடமோ எழுத்தில் கேட்கவேண்டிய பொறுப்பு நம் துறைகளுக்கு உண்டு.

நம்மிடமே: ஆய்வேட்டில் விளையாட்டின் பெயரும் ஆண்டும் மட்டும் போதா. எந்தப் பதிப்பு, எந்த எண்ணுள்ள வடிவம், எந்தக் கருவி, எந்தத் திரை விகிதம், எந்தக் கட்டுப்பாட்டு முறை என்பவை இடம்பெற வேண்டும். நெறியாளர்கள் இதைக் கேட்க வேண்டும். வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர்கள் இதைக் கேட்க வேண்டும். 2011இன் காட்சியை விளையாடிவிட்டு '2001இன் ஹேலோவில் ஒளியின் அழகியல்' என்று இயல் எழுதுவதைத் தட்டச்சுப் பிழைபோலக் கடந்துபோகும் பழக்கம் நிற்க வேண்டும்.

மாறுபடுவோர் கீழே எழுதலாம். விவாதிக்க அணியமாக இருக்கிறேன். ஒரே நிபந்தனை: நீங்கள் விளையாடியது எந்தப் பதிப்பு என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.