‘ஒரே நாளில் பல்’ முகாம்கள்: செயற்குழுவின் நிலைப்பாடு

வரவிருக்கும் இம்ப்ளான்ட் முகாமின் சுவரொட்டியில் நம் பல் மருத்துவர் சங்கத்தின் பெயரைப் போட்டுக்கொள்ள அனுமதி கேட்டு வந்த கடிதமும், அதையொட்டிச் சென்ற பொதுக்குழுவில் நடந்த வாக்குவாதமும் உறுப்பினர்கள் அறிந்தவையே. முன்பு இதே கோரிக்கையை நாம் யோசிக்காமல் ஏற்றதையும், அதன் பிறகு என்னென்ன குறைகளோடு யார் யார் நம் நாற்காலிகளில் வந்து உட்கார்ந்தார்கள் என்பதையும் இங்கே விரித்து எழுத வேண்டியதில்லை. இம்முறை அனுமதி இல்லை. காரணங்களைப் பொதுமக்களும் படிக்கும்படி வைக்கிறோம்.

சங்கம், தாடை எலும்பில் திருகைப் பதித்துப் பல் கட்டும் இம்ப்ளான்ட் சிகிச்சைக்கோ, பல்லைப் பிடுங்கிய அன்றே திருகைப் பதித்துத் தற்காலிகப் பல் மாட்டும் முறைக்கோ எதிரானதல்ல. சுவீடனில் ஆய்வாளர் பிரனெமார்க் 1965-இல் முதல் நோயாளிக்குப் பதித்த டைட்டானியத் திருகுகள் அந்த நோயாளி இறக்கும் வரை நாற்பது ஆண்டுகள் நின்றன. அந்தக் காலத்தில் திருகை ஈறுக்குள் மூடிவைத்து மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். காத்திருப்பு பிறகு குறைந்தது. லிஸ்பனில் பல் மருத்துவர் பாலோ மாலோவின் குழு, கீழ்த்தாடையில் நான்கு திருகுகளின் மேல் உடனடியாகப் பல்வரிசை பொருத்திய சிகிச்சையின் முடிவுகளை 2003-இல் வெளியிட்டது. ஏற்ற நோயாளிக்கு, தேர்ந்த கையில், இது நல்ல சிகிச்சை. நம் உறுப்பினர்கள் சிலர் இதைச் சிறப்பாகச் செய்துவருகிறார்கள். இந்த அறிக்கை அவர்களைக் குறித்ததல்ல.

எங்கள் மறுப்பு ‘ஒரே நாள்’ என்ற சொல்லின் மேல்தான். திருகைப் பதித்த அன்று எலும்பு அதோடு ஒட்டுவதில்லை. சுவரில் அடித்த ஆணியைப் போல, வெறும் இறுக்கம்தான் அதைப் பிடித்து நிறுத்துகிறது. அந்த இறுக்கம் 35 நியூட்டன் சென்டிமீட்டர் அளவுக்காவது இருந்தால்தான் அன்றே பல் மாட்டலாம் என்று நம்மில் பெரும்பாலோர் கொள்கிறோம். அதற்குப் பிறகு நடப்பதை நோயாளிக்கு யாரும் சொல்வதில்லை. துளையிட்டபோது காயம்பட்ட எலும்பை உடல் முதலில் அரித்தெடுக்கிறது. பிறகு அந்த இடத்தில் புது எலும்பை மெல்ல வளர்க்கிறது. பழையது போய், புதியது இன்னும் வந்து சேராத நாட்கள் உண்டு. ஏறத்தாழ மூன்றாவது, நான்காவது வாரத்தில் திருகின் பிடி, பதித்த அன்று இருந்ததைவிடத் தளர்ந்திருக்கும். அப்போது திருகு சுமார் 150 மைக்ரானுக்கு மேல் அசைந்துகொண்டே இருந்தால், எலும்புக்குப் பதில் நார்த்திசு சூழ்ந்துகொள்ளும். 150 மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு. நார் சூழ்ந்த திருகைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

அறுவைக்குப் பிந்தைய வீக்கமோ இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்தில் பெரும்பாலும் வடிந்துவிடுகிறது. பத்து நாளுக்குள் தையலும் பிரித்தாயிற்று, வலியும் இல்லை. மூன்றாவது வாரத்தில் தனக்குக் குணமாகிவிட்டது என்றே நோயாளி நம்புகிறார். ‘நிலையான பல்’ என்று சொல்லித்தானே மாட்டினார்கள்? முறுக்கைக் கடிக்கிறார், நல்லி எலும்பைக் கடிக்கிறார். அவர்மேல் என்ன குற்றம்? வாயில் இருப்பது பெரும்பாலும் அக்ரிலிக்கால் ஆன தற்காலிகப் பல்வரிசை. ஆறிலிருந்து எட்டு வாரம் இட்லி, இடியாப்பம், குழைந்த சோறு என்றே சாப்பிட வேண்டும். கீழ்த்தாடைக்குச் சுமார் மூன்று மாதம், மேல்தாடைக்கு நான்கிலிருந்து ஆறு மாதம் போன பிறகே பொதுவாக நிரந்தரப் பல்லுக்கு அளவெடுக்கிறோம். இதில் ஒரு வரியையாவது எந்தச் சுவரொட்டி சொன்னது?

சொல்ல வேண்டியவர் அப்போது ஊரிலேயே இல்லை. சனிக்கிழமை மண்டபத்தில் பரிசோதனை, ஞாயிற்றுக்கிழமை வாடகைக்கு எடுத்த கிளினிக்கில் அறுவை, திங்கட்கிழமை முகாம் நடத்திய குழு அடுத்த ஊரில். நான்காவது வாரம் பல் ஆடுகிறதென்று ஓர் அம்மா போன் செய்தால் எடுக்க ஆளில்லை. நம்மிடம் வருகிறார். எந்த நிறுவனத்தின் திருகு, என்ன அளவு என்பது அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. திருப்பும் கருவி நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால், பல்லைத் திருகோடு பிணைக்கும் தளர்ந்த ஸ்க்ரூ ஒன்றை இறுக்கித் தரக்கூட வழியில்லாமல், முழுத்தாடை ஓபிஜி எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து ஊகித்துக்கொண்டிருக்கிறோம். நகையை அடகு வைத்துப் பல் கட்டியவரிடம் என்ன சொல்வது? இதைச் சிகிச்சை என்றே அழைக்கக் கூடாது என்று செயற்குழுவில் இருவர் வாதாடினார்கள். ‘முழுமை பெறாத சிகிச்சை’ என்ற சொல்லில் மற்றவர்கள் உடன்பட்டோம். அவ்விருவரும் உடன்படவில்லை என்பதையும் பதிவு செய்கிறோம்.

ஆகவே, திருகைப் பதித்தவரோ, எழுத்துமூலம் பொறுப்பேற்ற உள்ளூர் மருத்துவர் ஒருவரோ, நிரந்தரப் பல் பொருத்தும் வரை நோயாளியின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாக வேண்டும். வெளியூர் நிபுணரை அழைத்து அறுவை செய்விக்கும் நம் உறுப்பினர்களுக்கும் இது பொருந்தும். திருகின் பெட்டியில் வரும் லாட் எண் ஸ்டிக்கர்களில் ஒன்று கோப்பில், இன்னொன்று நோயாளியின் கையில். இவை இரண்டிலும் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை.

நோயாளி முடிவெடுக்கும் அவகாசம் பற்றிக் கருத்து வேறுபாடு இருந்தது. ஒரு வாரம் என்றார்கள் சிலர்; நடைமுறைக்கு ஒவ்வாது என்றார்கள் சிலர். விபத்தில் முன்பல் போனவர் போன்ற நேர்வுகள் நீங்கலாக, பரிசோதனைக்கும் அறுவைக்கும் இடையே இயன்றவரை மூன்று நாளாவது இருப்பது விரும்பத்தக்கது என்று செயற்குழு கருதுகிறது. பரிசோதனைக்குத் தந்த சம்மதம் சிகிச்சைக்கான சம்மதம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2008-இலேயே சொல்லிவிட்டது. மரத்துப்போகும் ஊசி போட்ட பிறகு நீட்டும் ஆங்கிலப் படிவத்தில் வாங்கிய கையெழுத்து யாரையும் காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம்.

கட்டுக்குள் இல்லாத சர்க்கரை, புகை, எலும்புத் தேய்வுக்கான ஊசி மருந்துகள், தாடையில் கதிர்வீச்சு ஆகியவற்றைக் கேட்டறியாமலும், தேவைப்படும் இடத்தில் முப்பரிமாணச் சிபிசிடி ஸ்கேன் எடுக்காமலும் தேதி குறிப்பது ஏற்கத்தக்கதல்ல. கட்டணம் பற்றிச் சங்கம் கருத்துச் சொல்லவில்லை. விளம்பரம் செய்து நோயாளிகளை இழுப்பது பற்றி, இந்தியப் பல் மருத்துவக் கவுன்சிலின் 2014-ஆம் ஆண்டு நெறிமுறை விதிகள் இருக்கின்றன. அவற்றைப் படித்தால் போதும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ‘முழு வாய்’ பேக்கேஜில் சேர்ப்பதற்காக, வேர் சிகிச்சையிலோ ஈறு சிகிச்சையிலோ பல ஆண்டுகள் நின்றிருக்கக்கூடிய பற்களையும் பிடுங்கியிருக்கிறார்கள். எக்ஸ்ரேக்களைப் பார்த்தவர்கள் நாங்கள். பிடுங்கிய பல்லைத் திரும்ப வைக்க முடியாது. பிடுங்கும் ஒவ்வொரு பல்லுக்கும் காரணத்தைத் தமிழில் எழுதி நோயாளியிடம் தர வேண்டும்.

முந்தைய முகாமில் நம் பெயரை நம்பிப் போனவர்கள்பால் நமக்குக் கடமை உண்டு. அங்கே இம்ப்ளான்ட் வைத்துக்கொண்டு, பல் ஆடுவது, சீழ், கீழுதடு மரத்திருப்பது என எந்தக் குறையோடு வந்தாலும், உறுப்பினர் கிளினிக்குகளில் பரிசோதனைக்கும் எக்ஸ்ரேக்கும் இந்த ஆண்டு முழுவதும் கட்டணம் வாங்கக் கூடாது என்று தீர்மானித்திருக்கிறோம். வருகிறவரிடம் பழைய ரசீது இல்லை என்று யாரையும் திருப்பி அனுப்ப வேண்டாம். அவர்களில் பலருக்கு ரசீதே தரப்படவில்லை.