உமியிலிருந்து யூரியா: உழவருக்கு என்ன மிச்சம்?

நெற்பயிருக்கு மேலுரமாக இடும் யூரியா எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், மணலி என்றோ தூத்துக்குடி என்றோ பதில் வரும். அதன் மூலப்பொருள் வேறு இடத்திலிருந்து வருகிறது. யூரியாவுக்கு அம்மோனியா வேண்டும். அம்மோனியாவுக்கு நைட்ரஜனும் ஹைட்ரஜனும் வேண்டும். நைட்ரஜன் காற்றில் வேண்டிய மட்டும் இருக்கிறது. செலவு வைப்பது ஹைட்ரஜன்தான்.

மணலி மெட்ராஸ் பெர்ட்டிலைசர்ஸ் தொழிற்சாலை 1971-ல் உற்பத்தியைத் தொடங்கியது. நாப்தாவிலிருந்து ஹைட்ரஜன் எடுத்து வந்த அந்த ஆலை, எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் எரிவாயு முனையம் வந்தபின், 2019-ல் இறக்குமதி எரிவாயுவுக்கு மாறியது. வெளிநாட்டில் எரிவாயு விலை ஏறினால் இங்கே மானியச் சுமை ஏறும். 45 கிலோ மூட்டை ரூ.266.50-க்குக் கிடைப்பதே அந்த மானியத்தால்தான். இந்த ஹைட்ரஜனை உமி, விறகு, கடலைத் தோல் போன்றவற்றிலிருந்து எடுக்க முடியுமா என்பது விவசாயிகள் கவனிக்க வேண்டிய கேள்வி.

கிலோவுக்குக் கிலோ

முடியும். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் எஸ்.தாசப்பா குழுவினர் இதைச் செய்து காட்டி 2022-ல் அறிவித்தனர். காய்ந்த தாவரப் பொருளை ஆக்சிஜனும் நீராவியும் செலுத்தி உலையில் வாயுவாக்கினால், ஒரு கிலோவுக்கு 100 கிராம் ஹைட்ரஜன் கிடைக்கிறது. அந்த ஒரு கிலோவில் இயல்பாக இருப்பது 60 கிராம்தான். மீதியை நீராவி தருகிறது. விறகின் வெப்ப சக்தியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஹைட்ரஜனாகக் கைக்கு வருகிறது.

ஒரு கிலோ யூரியாவுக்குத் தேவையான ஹைட்ரஜனும் சுமார் 100 கிராம்தான். ஆக, கணக்குப்படி கிலோவுக்குக் கிலோ. ஒரு மூட்டை யூரியாவுக்கு 45 கிலோ காய்ந்த பொருள். அதே ஹைட்ரஜனைத் தண்ணீரில் மின்சாரம் செலுத்திப் பிரித்தால் மூட்டைக்கு 225 யூனிட்டுக்குக் குறையாமல் ஆகும். மேலும், யூரியாவுக்குக் கரியமில வாயுவும் வேண்டும். தாவரப் பொருளை வாயுவாக்கும்போது அதுவும் சேர்ந்தே கிடைக்கிறது. தண்ணீரைப் பிரித்தால் கிடைப்பதில்லை.

ஏக்கருக்கு இரண்டரை டன் நெல் விளைந்தால் உமி அரை டன் வரும். காகிதக் கணக்கில் அது 11 மூட்டை யூரியாவுக்குப் போதும். ஏக்கர் நெல்லுக்கு இடுவதோ சுமார் 3 மூட்டை. உமியில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல், ஆக்சிஜன் தயாரிக்கவும் வாயுவை அழுத்தவும் செலவு என்று பாதியைத் தள்ளினாலும் மிச்சம் இருக்கும்.

உமி யாருடையது?

கணக்கு சரிதான். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்ட அன்றே உமி விவசாயியின் கையை விட்டுப் போய்விடுகிறது. அது அரிசி ஆலையின் சொத்து. மணலிக்கு அருகே செங்குன்றத்தில் ஆலைகள் நிறைய உண்டு. ஆனால் ஆலைகளில் நெல் அவிக்கும் கொதிகலனுக்கே உமிதான் எரிபொருள். சும்மா கிடக்கும் உமி என்று ஒன்று இல்லை. வெளியூரிலிருந்து கொண்டு வரலாம் என்றால், உமி எடையில்லாமல் இடத்தை அடைக்கும் பொருள். தஞ்சாவூரிலிருந்து மணலிக்கு ஏற்றினால் லாரி வாடகையே லாபத்தைத் தின்றுவிடும்.

மணலி ஆலையின் ஆண்டு உற்பத்தித் திறன் 4,86,750 டன் யூரியா. அத்தனைக்கும் உமியே ஆதாரம் என்றால் சுமார் 10 லட்சம் ஏக்கர் நெல்லின் உமி முழுவதும் வேண்டும். ஆகவே முழு மாற்றம் பேச்சுக்குத்தான் உதவும். பத்தில் ஒரு பங்கு என்றால் யோசிக்கலாம். பொன்னேரி, மீஞ்சூர், பழவேற்காடு பக்கத்துச் சவுக்கும், ஏரிகளை அடைத்து நிற்கும் சீமைக்கருவேலமும் அதற்கு ஏற்றவை.

வைக்கோலில் கை வைக்கக் கூடாது. அது மாட்டுத் தீவனம். ஒரு டன் வைக்கோலில் 12 கிலோவுக்குக் குறையாமல் சாம்பல் சத்தும் இருக்கிறது. அதை விற்றுவிட்டு இறக்குமதி பொட்டாஷ் வாங்குவது, வீட்டு நெல்லை விற்று ரேஷன் அரிசிக்கு நிற்பது போன்றது.

கேட்க வேண்டியவை

2023 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்தில் தாவரப் பொருளிலிருந்து எடுக்கும் ஹைட்ரஜனுக்கும் இடமுண்டு. எனவே இப்போதே மூன்றைக் கேட்க வேண்டும். முதலாவது, விலை ஈரப்பதம் நீக்கிய எடைக்கு நிர்ணயிக்கப்பட வேண்டும். வெட்டிய பச்சைச் சவுக்கில் ஏறத்தாழ பாதி தண்ணீர். காய வைத்துத் தருபவருக்குக் கூடுதல் விலை கிடைத்தால்தான் உலையும் நன்றாக வேலை செய்யும். இரண்டாவது, உலைச் சாம்பல் நிலத்துக்குத் திரும்ப வேண்டும். மூன்றாவது, கொள்முதல் கூட்டுறவுச் சங்கம் வழியாக, முன்கூட்டி ஒப்பந்த விலையில் நடக்க வேண்டும்.

இன்னொன்று. நெல் அவிக்கவும் வெல்லம் காய்ச்சவும் விறகு வாயுவே போதும். அதை ஹைட்ரஜனாக்கி எரிப்பது வீண். ஹைட்ரஜன் உரத்துக்கே போகட்டும்.

உலையின் திறனை விஞ்ஞானிகள் அளந்து சொல்லிவிட்டார்கள். வயலிலிருந்து உலை வரை போய், மீண்டும் வயலுக்கு என்ன திரும்புகிறது என்பதை விவசாயிகள்தான் அளந்து பார்க்க வேண்டும்.