கிரிவலமும் பித்த வெடிப்பும்

பௌர்ணமி வந்தால் திருவண்ணாமலையில் ஒரே மனித வெள்ளம்! சித்ரா பௌர்ணமி, கார்த்திகை தீபம் என்றால் பல லட்சம் பேர். மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர். இந்திர லிங்கம் முதல் ஈசானிய லிங்கம் வரை எட்டு லிங்கங்களையும் வணங்கி வருகிறார்கள். பெரும்பாலோர் வெறுங்காலுடன் நடக்கிறார்கள்.

வீடு திரும்பியதும் பலருக்குக் குதிகால் வெடித்து எரிகிறது.

பித்தமா காரணம்?

இதைப் பித்த வெடிப்பு என்பார்கள். பித்தம் ஏறியதால் வந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. அது சரியல்ல. முக்கிய காரணம் தோல் வறட்சி.

உடம்பின் தோலில் எண்ணெய் சுரக்கும் சுரப்பிகள் உள்ளன. அந்த எண்ணெய் தோலின் ஈரத்தைக் காக்கிறது. உள்ளங்காலில் இந்தச் சுரப்பிகள் கிடையாது. வெறுங்காலுடன் நடக்க நடக்கக் குதிகால் தோல் தடிக்கிறது. தடித்த தோல் காய்ந்தால் வளைந்து கொடுக்காது. உடல் பாரம் அழுத்தியதும், வற்றிய ஏரி மண்போல் பிளக்கிறது. மார்கழி, தைப் பனியில் இது அதிகமாகும். அதிகச் சூடான வெந்நீரும் காரமான சோப்பும் இருக்கிற எண்ணெயையும் போக்கிவிடும்.

ஆபத்து யாருக்கு?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு ஒன்று 2023-ல் வெளியாயிற்று. நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை வியாதி என்று அது கணக்கிட்டது. இந்த வியாதி நாட்பட்டால் காலில் உணர்ச்சி குறையும். கல் குத்தினாலும் தெரியாது; தார் ரோடு சுட்டாலும் தெரியாது. வெடிப்பு வழியே கிருமி புகுந்து புண் புரையோடினால், காலையே எடுக்க நேரிடலாம்!

என்ன செய்யலாம்?

இரவில் காலைக் கழுவுங்கள். துணியால் ஒற்றி, ஈரம் முழுதும் காயுமுன் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவுங்கள். தேங்காய் எண்ணெய் வறண்ட தோலுக்கு நல்லது என்பதை 2004-ல் பிலிப்பைன்ஸ் மருத்துவர்கள் சோதித்தே கண்டார்கள். விரல் இடுக்கில் மட்டும் தடவ வேண்டாம். வெடிப்பைப் பிளேடால் சீவவே கூடாது. ரத்தம், சீழ், வீக்கம் கண்டால் உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

சர்க்கரை வியாதி உள்ளவர்கள் தினமும் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். பார்வை மங்கிய பெரியவர்களுக்குப் பிள்ளைகள் பார்த்துச் சொல்லலாம். அவர்களுக்கு வெறுங்கால் நடை ஆகாது. பாதத்தைக் கடிக்காத காலணியுடன் நடந்து, சந்நிதியில் மட்டும் கழற்றினால் போதும். அதனால் பக்தி குறைந்துவிடாது. அடுத்த பௌர்ணமிக்கும் நடக்கக் கால் வேண்டுமே!