பொருளும் ஆதாரமும்

'பொருளாதாரம்' என்னும் சொல் இன்று கற்றார் நாவிலும் கல்லார் நாவிலும் ஒருங்கே வழங்குகின்றது. ஆயினும் அது எதனைக் குறிக்கின்றது என வினவின், பெரும்பாலோர் 'காசு' என்றே விடையிறுப்பர். "வீட்டுப் பொருளாதாரம் சரியில்லை" என்பார் கூற்றுக்குக் கையிற் பணமில்லை என்பதே கருத்தாகக் கொள்ளப்படுகின்றது.

பூநகரி போன்ற வன்னி ஊர்களிலே இச்சொல்லுக்கு வேறொரு நிழலும் உண்டு. 1990இல் தொடங்கிய 'பொருளாதாரத் தடை' 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தை ஒட்டியே தளர்ந்தது. எரிபொருளும் பசளையும் சீமெந்தும் பற்றரியும் அந்நாளில் அரும்பொருள்களாயின. 2022இல் வந்ததோ 'பொருளாதார நெருக்கடி'. மண்ணெண்ணெய்க்காக வடபுலத்து மீனவர் வரிசையிற் காத்து நின்றனர். இவ்வாறு தடையோடும் நெருக்கடியோடும் சேர்த்தே கேட்டமையால், பொருளாதாரம் என்பது தொலைவிலிருந்து வந்து நம்மேல் விழுவது, நாம் செய்வதன்று என்னும் எண்ணம் வேரூன்றிவிட்டது.

சொல்லின் அமைப்போ வேறு கூறுகின்றது. பொருளுக்கு ஆதாரமாய் நிற்பது எதுவோ, அதுவே பொருளாதாரம். இதற்கு நேரான ஆங்கிலச் சொல்லின் கிரேக்க மூலமும் இல்லத்தை நடத்தும் முறையையே குறித்தது. வள்ளுவரும் உழவையும் நட்பையும் பொருட்பாலிலேயே வைத்தார். அதன் எழுபது அதிகாரங்களுள் 'பொருள் செயல்வகை' ஒன்றே.

இவ்வாறு நோக்கின், மாரி மழையை நம்பிப் பெரும்போகம் விதைக்கும் உழவன் வீட்டிலே காசேட்டில் ஏறாத செல்வம் பல உள. ஆண்டுச் சோற்றுக்கு ஒதுக்கிய நெல், அடுத்த போகத்துக்கான விதைநெல், மாட்டுக்கு வைக்கோல், பனை தரும் ஒடியல் ஆகியன சந்தைக்குச் செல்வதில்லை; எனவே கணக்கிலும் சேர்வதில்லை. 'பொருளாதார ரீதியில் இலாபமற்ற செய்கை' என ஓர் அறிக்கை அவ்வயலைத் தள்ளுமாயின், விற்கும் நெல்லோடு இவையனைத்தும் தள்ளப்படுகின்றன.

காசு வேண்டாமென்பது எம் கருத்தன்று. கடனும் மருந்தும் பிள்ளையின் கல்வியும் காசின்றித் தீரா. ஆயின் பகுதியை முழுமையென மயங்குதல் தகாது.

ஆதலின், பொருளியல் கற்பிக்கும் ஆசிரியர், தத்தம் வீட்டார் ஓராண்டில் விளைத்ததையும் உண்டதையும் கொடுத்ததையும் கடன்பட்டதையும் எழுதிவருமாறு மாணவரை முதற்பாடத்திலேயே பணிப்பாராக. அக்கணக்கை எழுதிய மாணவன், 'இலாபமற்றது' என எவர் தீர்ப்புரைப்பினும், "எந்தக் கணக்கின்படி?" என்று கேட்கத் தெரிந்தவனாவான்.