பழைய ஊருக்குப் புதிய பாதை



லிங்கநகரில் உறவுக்காரத் தம்பி ஒருவரின் வீட்டில் நடந்த பேச்சு இது. 2002இல் வந்த ‘வைஸ் சிட்டி’ கம்ப்யூட்டர் விளையாட்டு அவருக்கு உயிர். அந்த நகரம் ஜி.ரி.ஏ. ஆறாம் பாகத்தில் திரும்ப வருகிறதே என்று பூரிக்கிறார்.

ஐந்தாம் பாகம் வந்தது 2013இல். ஆறாம் பாகத்துக்கு முதலில் 2025 என்றார்கள். பிறகு 2026 மே, அதன் பிறகு நவம்பர் 19 என்று தள்ளினார்கள்.

“தாமதித்தால் திறமாகச் செய்வார்கள் நானா. ஆனால் போன பாகம் போல இன்டர்நெட்டில் காசு கறக்கவும் பார்ப்பார்கள்.”

எனக்கோ வேறு கவலை. களவும் கொலையுமே அதில் பிழைப்பு; முந்திய பாகங்கள் சிறுவர்களுக்கானவை அல்ல என்று உறையிலேயே போட்டிருந்தது. அவருடைய பதினொரு வயது மகனும் காத்திருக்கிறான்.

“மகனுக்குக் கொடுப்பாயா?”

“சீ, கூடாது!”

“நீ விளையாடியபோது உனக்கு என்ன வயது?”

“பதின்மூன்று” என்றார், குரலைத் தாழ்த்தி. மகன் வாசலிலேயே நின்றிருந்தான்.